முதல் தட்டு

உட்காருங்கள் டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மேலே ஃபேன் சத்தம் போடும், பயப்படாதீர்கள், விழாது. இரண்டு வருஷமாக இப்படித்தான் கத்துகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, காப்பியோடு கிளம்பியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. என் எதிரே யாரும் வெறும் வயிற்றோடு பேச்சை ஆரம்பிக்கக் கூடாது, அது என் பழக்கம். இரண்டு தோசை ஊற்றியிருக்கிறேன், தொட்டுக்கொள்ள ஈரல் வறுவல். காலையிலேயே கறியா என்று பார்க்காதீர்கள். எனக்குத் திங்கட்கிழமைதான் லீவு. அதனால் எனக்கு இதுதான் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள், அப்போது மட்டும் ஓடிவிடுவேன். இன்று பிடிக்காவிட்டால் புதன்கிழமைதான்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க அடுத்த ஞாயிறு வருவதாகப் பேச்சு. பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் திங்கட்கிழமையே தனியாக வந்தால் பூவா கொண்டு வருவார்? என் பெண் நிரோஷா நேற்றே சொன்னாள். "அம்மா, அவங்க அம்மா போன்ல கேட்டாங்க, நீ எங்க வேலை செய்யறேன்னு. ஓட்டல்னு சொல்லிட்டேன். நீயும் ஓட்டல்னே சொல்லிடு, உனக்குப் புண்ணியமா போகும்." இன்றைக்கு ஆபீஸ் கிளம்பும்போது கூடச் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள். நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் லீவு போட்டிருப்பாள்.

நீங்கள் தெருமுனையில் வழி கேட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டிக்கடைக்காரர் "பார்ல சமைக்கற மரகதமா?" என்று கேட்டிருப்பார். அவர் வாய் அப்படி. ஆனால் நீங்களும் நல்லவர், மனதில் வைத்துக்கொள்ளவில்லை, செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டீர்கள். "ஞாயித்துக்கிழமை நாங்க வர்றதுக்குள்ள அந்த வேலையை விட்டுட்டேன்னு சொல்லிடுங்க. எங்க சொந்தக்காரங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது." இதுதானே சொன்னீர்கள்?

ஓட்டல் இல்லை டீச்சர். பார். பெங்களூரில் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது கட்டடம். இருபது வருஷமாக அங்கேதான் சமைக்கிறேன். விடமாட்டேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். சாப்பிடுங்கள், ஆறுகிறது.

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பெயிண்ட் அடிக்கிற வேலை. கை சுத்தம், ஸ்கேல் வைக்காமலே கோடு இழுப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெரோம் வைன்ஸ் என்று ஒரு கடை, அங்கே இருப்பார். நான் தினமும் டிபன் டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பேன், குடிக்கிறதுக்கு முன்னாலாவது சாப்பிடட்டும் என்று. டப்பா அப்படியே திரும்பி வரும். சாப்பிட்டால் ஏறாதாம். அப்படி ஐந்து வருஷம். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், "ஈரல் கல்லாயிடுச்சும்மா." நான் ஏழாவதோடு நின்றவள். ஆளுக்கு ஆள் கிட்னியில் கல் எடுக்கிறார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டு "எடுத்துடுங்க டாக்டர்" என்றேன். அவர் நர்சிடம் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

நிரோஷாவுக்கு அப்போது நாலு வயது. அவர் உடம்பைத் தொட்டு ஒரு சத்தியம் செய்தேன், இந்தச் சனியன் ஒரு சொட்டு என் நாக்கில் படாது என்று. இன்றுவரை படவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உங்களுக்குச் சந்தேகம் வரும்.

காரியம் முடிந்த மறுநாள் அந்த டிபன் டப்பாவில் வழக்கம்போலச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கல்லாவில் ஜெரோம் அய்யா. ஆங்கிலோ இந்தியர், ஆனால் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார், திட்டுவார். டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். "இதை ஒரு நாளாவது தொறக்கச் சொல்லியிருக்கீங்களா? குடிக்க மட்டும்தான் ஊத்திக் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன். கடை முழுக்க ஆம்பிளைகள். அய்யா டப்பாவைத் திறந்தார். உள்ளே புளிச்சோறு. அவர் ஒரு கை எடுத்துத் தின்றார். தின்றுவிட்டு, "நீ செஞ்சதா? இங்க சமைக்கறியா?" என்றார்.

சண்டை போடத்தான் போனேன். வேலையோடு திரும்பி வந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். யார் வந்தாலும், பெரிய ஆளோ கூலி ஆளோ, முதலில் என் தட்டு போகும். ஒரு கை அவித்த வேர்க்கடலை, பாதி முட்டை, கொஞ்சம் மாங்காய். இனாம். அது காலியான பிறகுதான் கிளாஸ். அய்யா சிரித்தார். "வயிறு நெறைஞ்சா கம்மியாதானே குடிப்பான், எனக்கு நஷ்டமாச்சே மரகதம்?" நான் சொன்னேன், "இல்லைங்க. உயிரோட இருந்தா ரொம்ப வருஷம் வந்து குடிப்பான்." அன்றிலிருந்து அதற்கு முதல் தட்டு என்றே பெயர். ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள், "மரகதம் அக்கா தட்டு வந்தாதான் மணி ஆறு."

இன்னொன்று, என் அடுப்பில் எல்லாம் வெந்தது, ஈரல் மட்டும் வேகவில்லை. குடல் உண்டு, தலைக்கறி உண்டு, நெத்திலி உண்டு. ஈரல் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் இன்று தீர்ந்துவிட்டது என்று சொல்வேன். இருபது வருஷமாகத் தீர்ந்துபோயே இருந்தது.

என்ன பார்க்கிறீர்கள், இப்போது தட்டில் இருக்கிறதே என்றா? அதற்குத்தான் வருகிறேன்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. தட்டு போகிற உயரம்தான். குனிந்தால் மேஜை தெரியும், கைகள் தெரியும், முகம் தெரியாது. எனக்கு ஆட்களை முகத்தை வைத்துத் தெரியாது டீச்சர், தட்டை வைத்துத்தான் தெரியும். மஞ்சள் கருவை டிஷ்யூ பேப்பருக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர் ஒருத்தர். எலும்பைக் கடித்து மாவாக்குகிறவர் ஒருத்தர். சர்வர் குட்டப்பன் அண்ணன் பாலக்காட்டுக்காரர், தட்டைத் திரும்பக் கொண்டு வந்து வைக்கும்போதே நான் சொல்லிவிடுவேன், ஆறாம் நம்பர் மேஜையில் இன்று யாருக்கோ மனது சரியில்லை என்று.

ஜெரோம் அய்யா போன பிறகு அவர் பிள்ளை டெரன்ஸ் வந்தார். நல்ல பிள்ளை, வெளிநாட்டில் படித்தவர், ஆனால் எதையும் இருக்கிறபடி விடமாட்டார். ஜெரோம் வைன்ஸ் போய் ஜெரோம்ஸ் டேப் ரூம் ஆனது. பிராந்தி எல்லாம் போய்விட்டது. ஹாலின் பின்பக்கம் கண்ணாடி வைத்து, அதற்குள்ளே என் உயரத்துக்கு இரண்டு மடங்கு டேங்குகள். பீரை அங்கேயே காய்ச்சுகிறார்கள். காய்ச்சுகிறது யார் தெரியுமா? ஒரு பெண். பூர்ணா, மைசூர்ப் பெண், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கும். முதல் நாள் பார்த்தபோது பையன் என்று நினைத்து, "தம்பி, செருப்பை வெளியே விடுப்பா" என்றேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை டேப்பிங். புதிதாகக் காய்ச்சிய பீரை ஒரு மரப்பீப்பாயில் கொண்டு வந்து ஹால் நடுவில் வைப்பார்கள். டெரன்ஸ் ஒரு மரச் சுத்தியலால் குழாயை உள்ளே அடித்து இறக்குவார். ஒரே அடியில் இறங்கினால் எல்லோரும் கை தட்டுவார்கள், இரண்டு மூன்று ஆனால் எண்ணிச் சிரிப்பார்கள். முதல் கிளாஸ் ஜெரோம் அய்யா படத்துக்கு முன்னால். அப்புறம் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஐந்து சின்ன கிளாஸ், ஐந்து சின்னத் தட்டு. இந்தப் பீருக்கு இந்தச் சாப்பாடு என்று ஜோடி. கல்யாணம் பேசுகிற மாதிரிதான். இதுவும் அதுவும் ஒன்றோடொன்று ஒத்துப் போக வேண்டும், ஒன்று இன்னொன்றை அழுத்தக் கூடாது. சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

இந்த ஜோடி சேர்க்க ஒரு செஃப்பைக் கொண்டு வந்தார்கள். கௌஷிக் என்று பெயர், பெரிய ஓட்டலில் இருந்தவர், கை முழுக்கப் பச்சை குத்தியிருப்பார். வந்த அன்றே முதல் தட்டை நிறுத்தினார். "அக்கா, பேலட் க்ளீனா இருக்கணும், வர்றவங்க வாய்ல வேர்க்கடலை வாசம் இருந்தா என் டிஷ் போச்சு." டெரன்ஸும் தலையாட்டிவிட்டார். பதினெட்டு வருஷத் தட்டு. ஒரு வார்த்தையில் போய்விட்டது. என்னை வெங்காயம் உரிக்க வைத்தார்கள். உரித்தேன். ஹாலில் ஒரு கருப்பு ஸ்லேட்டுப் பலகை, அதில் பீர் பெயர், காய்ச்சியது பூர்ணா, சமையல் கௌஷிக் என்று சாக்பீஸில் எழுதுவார்கள். என் பெயர் இல்லை. நான் பெயருக்கு ஆசைப்படுகிறவள் இல்லை டீச்சர், அதைச் சொல்லிவிடுகிறேன். சும்மா, இல்லை என்பதைக் கவனித்தேன். அவ்வளவுதான்.

நான் முதல் தட்டை முழுசாக விடவும் இல்லை. தெரிந்த தட்டுக்காரர்கள் வந்தால் குட்டப்பன் அண்ணன் சாசரில் கடலை வைத்துத் துணி போட்டு மூடிக் கொண்டுபோய்க் கொடுப்பார். புதிதாக வந்தவர்களில்கூட ஓரிரண்டு பேருக்கு அது பழகிவிட்டது. போன வருஷம் தீபாவளியிலிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தது. முகம் நான் பார்த்ததில்லை. தட்டு தெரியும். கறிவேப்பிலையைத் தின்னாது, தூக்கியும் எறியாது. தட்டு ஓரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும், பிரேயருக்குப் பிள்ளைகள் நிற்கிற மாதிரி. குட்டப்பன் அண்ணன் வந்து, "கறிவேப்பிலை வந்நு" என்பார். நான் கடலை எடுத்து வைப்பேன். முதலில் கடலை, அப்புறம் ஒரு கிளாஸ். ஒன்றோடு சரி. எழுந்து போய்விடும். நான் நினைப்பேன், இது யாரோ ஒழுங்காக வளர்த்த பிள்ளை என்று.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? தண்ணீர் வேண்டுமா? காரம் ஜாஸ்தியா? மிளகுதான், மிளகாய் இல்லை. குடியுங்கள்.

காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜனவரி டேப்பிங்கில் கௌஷிக் வந்து, "அக்கா, ஒரு ஐட்டம் உங்களுது வெக்கறேன், பெப்பர் சிக்கன், நீங்க எப்பவும் பண்ற மாதிரி" என்றார். நானும் எப்பவும் பண்ணுகிற மாதிரியே பண்ணினேன். பழைய கடைக்கு எப்பவும் பண்ணுகிற மாதிரி என்றால் என்ன? கண்ணில் தண்ணீர் வரணும், நாக்கு இன்னொரு ரவுண்டு கேட்கணும். ஜெரோம் அய்யா அப்படித்தான் கேட்பார். ஆனால் அன்று அதற்கு ஜோடி போட்டது ஒரு கசப்புப் பீர். அதற்கு மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர். வேப்பம்பூக் கசப்பு. அந்தக் கசப்பு என்ன செய்யும் தெரியுமா, காரத்தை அணைக்காது. ஊதிவிடும். ஒரு துண்டு தின்று ஒரு வாய் குடித்தால் வாய்க்குள் அடுப்பு. ஜன்னல் வழியாக நான் பார்த்தது கைகள்தான். எல்லாக் கையும் தண்ணீர் ஜாடியைத் தேடின. ஒரு அம்மா விக்கி விக்கி அழுதுவிட்டார். கௌஷிக் மைக்கிலேயே சொன்னார், இங்கிலீஷில். பூர்ணாதான் பின்னால் எனக்குச் சொல்லிற்று. "மன்னிக்கணும், இது எங்க பழைய சைடிஷ் லேடி செஞ்சது. அவங்களுக்கு மிளகாய் மட்டும்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு இங்கிலீஷ் தமிழ் இல்லையே, அது எனக்குப் புரிந்தது.

மறுநாள் டெரன்ஸ் வந்து, "அக்கா, அடுத்த டேப்பிங் வரைக்கும் பாருங்க. முடியலைன்னா வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட். நாற்பத்தைந்து வயசுக்காரிக்கு ரெஸ்ட். நீங்கள் இன்றைக்குச் சொன்னதைத்தான் அவர் அன்றைக்கு வேறு வார்த்தையில் சொன்னார். அவருக்கு என்ன பதிலோ அதுதான் உங்களுக்கும்.

பூர்ணாவிடம் போய் நின்றேன். "என்னம்மா தப்பு பண்ணினேன், சொல்லு." அது ஒரு கிளாஸை நீட்டிற்று. "டேஸ்ட் மாடி அக்கா, குடிச்சு பாருங்க, தெரியும்." நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். அது என்னை மாடியில் இருக்கிற அறைக்குக் கூட்டிப்போய் ஒரு மூட்டையைத் திறந்தது. வாற்கோதுமையை முளைகட்டிக் காயவைத்து வறுத்தது. "இது தானியம். இதுல எதுவும் இல்லை. மெல்லுங்க" என்றது.

அப்படித்தான் டீச்சர் நான் படித்தேன். ஏழாவதோடு விட்ட படிப்பை அந்த மூட்டைகளில் படித்தேன். வெளுப்பாக வறுத்தது பொரிகடலை மாதிரி இனிக்கும். சிவக்க வறுத்தது வெல்லப்பாகு தீய்கிற வாசம். கருக வறுத்தது காப்பிக்கொட்டை, அதற்கு அடியில் கொஞ்சம் சாம்பல். கசப்புக்குப் போடுகிற பூவை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தேன், ஆரஞ்சுத் தோலும் வேம்பும். தானியத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் இனிப்பாக ஒரு தண்ணீர் இறங்கும். அதில் அப்புறம்தான் ஈஸ்ட் போடுவார்கள். அதற்கப்புறம்தான் அது பீர். ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் இருக்கிற தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து எனக்குக் கொடுக்கும். கஞ்சி மாதிரி, பானகம் மாதிரி. அதைக் குடிப்பேன். குடித்துக்கொண்டே, இது புளித்து இனிப்பு போனால் மிச்சம் என்ன நிற்கும் என்று யோசிப்பேன். மாவு புளித்தால் தோசை எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா? அதே கணக்குதான். சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

பிப்ரவரி டேப்பிங்குக்குப் பூர்ணா கறுப்புப் பீர் காய்ச்சிற்று. அதற்கு கௌஷிக் ஜோடி போட்டது காளான் டோஸ்ட். நான் அந்தக் கருகிய தானியத்தை வாயில் போட்டு மென்றுகொண்டு நாள் முழுக்க யோசித்தேன். காளான் இதற்கு முன்னால் நிற்காது, ஓடிவிடும். இந்தக் கருப்புக்கு, இந்தக் காப்பிக் கசப்புக்கு, எதிரே நின்று கண்ணோடு கண் பார்க்கிறது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என்ன என்று எனக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. வேறு ஏதாவது தோன்றுமா என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் மார்க்கெட்டில் ஆட்டு ஈரல் வாங்கினேன். என் சொந்தக் காசு, யாரும் பேச முடியாது. வீட்டுக்கு வந்து கழுவினேன். டீச்சர், இருபது வருஷம் கழித்து கையில் எடுக்கிறேன். குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. விரல் வைத்தால் குழி விழுந்து மறுபடி எழுகிறது. நல்ல ஈரல் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். இதையா மனுஷர் கல்லாக்கிக்கொண்டார் என்று குழாயடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்... போகட்டும். கழுவினேன். அவ்வளவுதான்.

ஈரலுக்கு முதலில் உப்புப் போடக் கூடாது, விறைத்துவிடும். சின்ன வெங்காயம், பூண்டு, நிறையக் கறிவேப்பிலை, இடித்த மிளகு கொஞ்சமாக. கடைசியில் உப்பு, உடனே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினால் ரப்பர். அதனால் முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. நாலு தட்டு போகிறவரை வெங்காயம் உரித்துக்கொண்டு நல்லவள் மாதிரி நின்றேன். ஐந்தாவது தட்டுக்குக் கௌஷிக் மைக்கைப் பிடிக்க ஹாலுக்குப் போனார். நான் அடுப்பைப் பெரிதாக வைத்தேன். குட்டப்பன் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். அறுபது தட்டு.

வெளியே அவர் காளானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், அது எந்த மலையில் முளைக்கிறது, எப்படி மண் வாசம் அடிக்கும் என்று. மேஜைக்கு மேஜை ஈரல் இறங்குகிறது. யாரோ, "சார், உங்க காளான் மே-ன்னு கத்துது" என்றார்கள். ஹாலே கிடுகிடுத்தது. கௌஷிக் உள்ளே ஓடி வந்தார். "யாரைக் கேட்டு? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?" நான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன், "உங்க பீரைக் கேட்டுப் பண்ணினேன்."

அன்று நிரோஷாவும் வந்திருந்தாள். ஆபீஸ் பிள்ளைகளோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு. எனக்குச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக அவள் கையைப் பார்த்தேன், நான் போட்ட வளையல் எனக்குத் தெரியாதா? அவள் கைக்கு அடுத்தாற்போல் நம்ம கறிவேப்பிலைத் தட்டு. சரி, நல்ல மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே வந்து எட்டிப் பார்க்கவில்லை. அம்மா என்று சொல்ல வெட்கம். வளர்த்தது அந்த அடுப்புதான், ஆனாலும் வெட்கம். அவளைக் குறை சொல்லவில்லை. இப்போதும் ஓட்டல் என்றுதானே சொல்லச் சொல்கிறாள்.

தட்டுகள் திரும்பி வந்தன. நக்கித் துடைத்த மாதிரி. கறிவேப்பிலைத் தட்டுக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்திருந்தது. தமிழில் எழுதியிருந்தது. இருங்கள், வைத்திருக்கிறேன், அரிசி டின்னுக்கு அடியில்தான். இதோ. "இதைச் செய்தது யார்? அவர் பெயரையும் பலகையில் எழுதுங்கள்." குட்டப்பன் அண்ணனுக்குத் தமிழ் படிக்க வராது, நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். டெரன்ஸ் படித்தார். இரண்டு தடவை படித்தார். ஹாலுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சாக்பீஸ் எடுத்து எழுதினார். இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. கறுப்புப் பீர், பூர்ணா. ஈரல் வறுவல், மரகதம்.

நான் பெயருக்கு ஆசைப்படுகிறவள் இல்லை. ஆனால் மறுநாள் பலகையைத் துடைக்க விடவில்லை. மூன்று நாள் துடைக்க விடவில்லை.

டெரன்ஸ், "உங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்கக்கா" என்றார். முதல் தட்டு வேண்டும் என்றேன். இப்போது டேப்பிங் என்றால் ஐந்து தட்டு இல்லை, ஆறு. முதலாவதுக்குப் பீர் கிடையாது. அது காலியான பிறகுதான் சுத்தியலையே எடுப்பார்கள். கௌஷிக் இருக்கிறார், போகவில்லை. இப்போது என்னிடம் வந்து, "அக்கா, இதை மென்னு பாருங்க" என்று தானியத்தை நீட்டுகிறார்.

இதைத்தான் விடச் சொல்கிறீர்கள். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாது என்று.

டீச்சர், அந்தப் பேப்பரைக் கொடுங்கள், கசங்கிவிடப் போகிறது. என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? யாரோ குடிகாரன் எழுதியது என்றா? எழுத்தைப் பாருங்கள், எவ்வளவு அழகு. குடிகாரன் கை இப்படி நிற்காது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. என் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அவள் அழுவாள். அழட்டும். ஒரு பொய்யைச் சொல்லிக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஓட்டல் ஓட்டல் என்று நான்...

ஐயோ, தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் கேட்கிறதா? இருங்கள், போய்விடாதீர்கள். ஐந்தே நிமிஷம். பேசி முடிக்காமல் போகக் கூடாது.

அப்பாடா. நாலு குடம் பிடித்துவிட்டேன். இன்றைக்கு என்னவோ நன்றாக விட்டான். சாப்பிட்டு முடித்துவிட்டீர்களா, கையைக் கழுவுங்கள், நான் தட்டை எடுக்கிறேன். அட, பரவாயில்லை, எடுக்கிறேன், நீங்கள் உட்கா...

டீச்சர்.

இது என்ன?

இல்லை, தட்டைச் சொல்கிறேன். இந்தக் கறிவேப்பிலையை இப்படி ஓரத்தில் அடுக்கி வைக்க உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உங்கள் அம்மாவா? நீங்கள் யாருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

இருங்கள். இருங்கள், எனக்கும் கொஞ்சம் உட்கார வேண்டும். இந்த ஆடுகிற நாற்காலியே போதும். நிரோஷா போனில் காட்டியது கோட்டுப் போட்ட போட்டோ. எனக்கு முகத்தை வைத்து எப்படித் தெரியும்? ஒரு தட்டைக் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதுதான் அந்தப் பேப்பரை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தீர்களா? பெற்ற பிள்ளையின் கையெழுத்து. நான் பாட்டுக்கு என்னவெல்லாமோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் அன்றைக்கு எட்டிப் பார்க்காதது வெட்கத்தினால் இல்லை போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்துவிடுவேனே என்று. கள்ளி.

அழாதீர்கள் டீச்சர். முந்தானையை எடுங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை குடிப்பதை உங்களுக்குச் சொல்லவில்லை என்றுதானே வருத்தம்? நான் சொல்கிறேன். ஒரு கிளாஸ். முதல் தட்டு காலியான பிறகு ஒரு கிளாஸ். இரண்டாவது கேட்டதே இல்லை. இருபது வருஷமாக அந்த ஜன்னலில் நின்று எத்தனையோ கையைப் பார்த்திருக்கிறேன், எது என் வீட்டுக்காரர் மாதிரி ஆகும், எது ஆகாது என்று இரண்டு மாதத்தில் சொல்லிவிடுவேன். இது ஆகாது. அதுவும் வேண்டாம் என்று நினைத்தால் அதை உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், அது உங்கள் பாடு. என் வேலையை என்னிடம் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. பெண்ணின் அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று எவன் கேட்டாலும் நானே சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் ஒரு தட்டு கடலை, பாதி முட்டை, மாங்காய். அது காலியான பிறகுதான் பேச்சு.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? மாவு இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் ஒரு டப்பாவில் போட்டுத் தருகிறேன், மிளகு கொஞ்சம் தூக்கலாக. உட்காருங்கள், தட்டை நீட்டுங்கள்.

அந்த இலைகளைத் தள்ளாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.